வெற்றிலைச் சுண்ணாம்பில் தொடங்கும் டாக்கோ

வில்லிவாக்கத்தில் எனக்கு ஒரு மாவுக்கடை. 19 வருஷமாக இட்லி மாவும் அடை மாவும் அரைத்து விற்கிறேன். கல்யாண வீடு என்றால் வடைக்கு உளுந்தும் ஆட்டிக் கொடுப்பேன். ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை காலை, பக்கத்து அபார்ட்மென்டில் குடியிருக்கும் சார் ஒருவர் எவர்சில்வர் தூக்கோடு வந்து நின்றார். "அண்ணே, இதைத் தண்ணி அதிகம் விடாம கெட்டியா ஆட்டித் தர முடியுமா?" மூடியைத் திறந்தேன். வேகவைத்த மக்காச்சோளம். தோல் பாதி கழன்று, கொன்றைப்பூ நிறத்தில் பளிச்சென்று இருந்தது. அதிலிருந்து வந்த வாசனைதான் என்னை நிறுத்தியது. என் அப்பாயி திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலைக் காம்பைக் கிள்ளிவிட்டு, முதுகுப் பக்கம் சுண்ணாம்பு தடவும்போது வருமே, அந்த வாசனை.

கார் கம்பெனி வேலையாக மூன்று வருஷம் மெக்ஸிகோவில் இருந்துவிட்டு வந்தவர் அவர். அங்கே மொலினோ என்று மாவு மில் உண்டாம். முந்தின ராத்திரி சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து ஊறப்போட்ட மக்காச்சோளத்தை வாளியில் எடுத்துக்கொண்டு, பெண்கள் விடிகாலையில் அங்கே போய் அரைத்து வருவார்களாம். தீபாவளிக்கு முன்னால் நம் மில்லில் அரிசித் தூக்கோடு வரிசை நிற்கிறதே, அப்படி. அன்றைக்கு மத்தியானம் அந்த மாவில் சுட்ட ஆறு டோர்ட்டியாவை, அதாவது கறி வைத்து மடித்து டாக்கோவாகத் தின்கிற மெல்லிய சோள ரொட்டியை, துணியில் சுற்றிக் கடைக்கே கொண்டுவந்து கொடுத்தார். மடித்தேன், விரிசல் விடவில்லை. சுருட்டினேன், ஓரம் உடையவில்லை. கோதுமை ஒரு சிட்டிகை கூட இல்லாத மாவு இப்படி வளைகிறதா என்று, மாவிலேயே வாழ்கிற எனக்கு ஆச்சரியம் அடங்கவில்லை. அதற்கப்புறம் அவரிடம் கேட்டுக் கேட்டு, நானே பலமுறை செய்து பார்த்துக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதற்கு வேண்டிய சாமான் எல்லாம் ஏற்கெனவே நம் வீட்டில் இருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மளிகைக் கடையில் கார்ன் ஃப்ளோர் என்று விற்கிற வெள்ளை மாவு மக்காச்சோளத்தின் வெறும் ஸ்டார்ச். சூப்பைக் கெட்டியாக்க உதவும், டாக்கோவுக்கு ஆகாது. சௌகார்பேட்டையில் மக்கி ஆட்டா என்று மஞ்சளாக ஒரு மாவு கிடைக்கும். அது முழுச் சோளத்தைக் காயவைத்து அரைத்தது. வடக்கே அதில் நல்ல ரொட்டி செய்கிறார்கள். ஆனால் அதை வெந்நீர் விட்டுப் பிசைந்து மெல்லிசாகத் தட்டிச் சுட்டு மடித்துப் பாருங்கள், நடுவில் விரிசல் விடும். மக்காச்சோளத்தில் கோதுமையைப்போல இழுவை கொடுக்கும் பசை கிடையாது. அந்தக் குறையைத்தான் சுண்ணாம்பு தீர்க்கிறது. சுண்ணாம்புத் தண்ணீரில் வேகும்போது தானியத்தின் மேல்தோல் கரைந்து ஒருவிதப் பிசின்போல ஆகிவிடும். உள்ளே இருக்கும் ஸ்டார்ச்சும் பாதி வெந்து உப்பும். இரண்டும் சேர்ந்து அரைபடும்போதுதான் களிமண்போல ஒட்டிப் பிடிக்கிற மாவு கிடைக்கிறது. காய்ந்த மாவில் பிறகு சுண்ணாம்பைக் கலந்தால் அது வராது. தானியமாக இருக்கும்போதே வேக வேண்டும்.

இப்படி வேகவைத்த சோளத்துக்கு நிஷ்தமால் என்று பேர். மெக்ஸிகோவின் பழங்குடி மொழியான நாவாட்டிலில் நெஷ்ட்லி என்றால் சாம்பல், தமால்லி என்றால் மக்காச்சோள மாவுப் பண்டம். மூவாயிரம் வருஷத்துக்கும் மேலாக அந்தப் பக்கத்து மக்கள் இதைச் செய்துவருகிறார்கள். ருசிக்காக மட்டும் இல்லை. மக்காச்சோளத்தில் உள்ள நியாசின் என்ற விட்டமின் வேறொன்றோடு பிணைந்து கிடப்பதால் அப்படியே சாப்பிட்டால் உடம்பில் சேராது. சுண்ணாம்பு அந்தப் பிணைப்பை அவிழ்த்துவிடும். கொலம்பஸுக்குப் பிறகு சோளம் ஐரோப்பாவுக்குப் போனது, இந்தப் பக்குவம் கூடப் போகவில்லை. அதனால் இத்தாலியிலும் ஸ்பெயினிலும், பின்னால் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும், சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்குப் பெல்லக்ரா என்ற நோய் வந்தது. தோல் வெடித்து, வயிறு கெட்டு, புத்தி தடுமாறிச் செத்தவர்கள் ஏராளம். ஒரு நெல்லிக்காய் அளவு சுண்ணாம்பு காப்பாற்றியிருக்கக்கூடிய உயிர்கள். இதைப் படித்த நாளிலிருந்து சுண்ணாம்பு டப்பாவை நான் மரியாதையாகத்தான் எடுத்து வைக்கிறேன்.

சரி, சோளம். என் சொந்த ஊர் பெரம்பலூர் பக்கம். அங்கே மானாவாரியில் மக்காச்சோளம்தான் கண்ணுக்கு எட்டின வரை. தை, மாசியில் அறுத்துக் காயவைத்து, பெரும்பாலும் நாமக்கல்லுக்குக் கோழித் தீவனமாக லாரி ஏறிவிடும். நான் அண்ணன் வீட்டிலிருந்து வருஷத்துக்கு ஒரு மூட்டை எடுத்து வருகிறேன். உங்களுக்கு அப்படி வழியில்லை என்றால் பாரிமுனைப் பக்கம் தானிய மொத்தக் கடைகளில், சாப்பாட்டுக்கு என்று சொல்லிக் காய்ந்த முழு மக்காச்சோளம் கேளுங்கள். தீவனக் கடையில் வாங்க வேண்டாம். ஒருமுறை அவசரத்துக்கு அப்படி ஒரு கடையில் வாங்கி, ஊறின பிறகு பூஞ்சை நாற்றம் அடித்து, மூன்று கிலோவையும் குப்பையில் கொட்டினேன். பூஞ்சை பிடித்த சோளத்தில் அஃப்ளடாக்ஸின் என்ற நஞ்சு இருக்கலாம், வேகவைத்தாலும் போகாது. கருப்புப் புள்ளி, சாம்பல் படிவு இருக்கிற மணிகளைப் பொறுக்கி எறியுங்கள். விதைக்கு விற்கும் சோளத்தை மருந்து தடவி, பெரும்பாலும் சிவப்புச் சாயத்தோடு வைத்திருப்பார்கள். அதைத் தொடவே கூடாது. பாப்கார்ன் சோளமும் சரிவராது, தோல் ரொம்பக் கெட்டி. வண்டியில் சுட்டுத் தருகிற இளங்கதிரும் ஸ்வீட் கார்னும் இதற்கு ஆகவே ஆகாது. பால் வற்றி முற்றிக் காய்ந்த மணிதான் வேண்டும்.

சுண்ணாம்பு என்றால் வெற்றிலைக்குப் போடும் வெள்ளைச் சுண்ணாம்பு. பெட்டிக்கடையில் சின்ன டப்பாவில் கிடைக்கும். இளஞ்சிவப்பு நிறத்தில் ஒன்று விற்கிறார்கள், நிறமும் வாசனையும் சேர்த்தது, அது வேண்டாம். சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பும் கூடாது. நீற்றாத கல் சுண்ணாம்பை அடுப்படிக்குள் கொண்டுவரவே வேண்டாம், தண்ணீர் பட்டால் கொதித்துத் தெறிக்கும். நீற்றிய சுண்ணாம்பே கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால் குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள், கரைத்த கையைக் கழுவிவிடுங்கள்.

அளவு இதுதான். காய்ந்த சோளம் அரைக் கிலோ, தண்ணீர் ஒன்றரை லிட்டர், உலர்ந்த சுண்ணாம்புத் தூள் என்றால் 5 கிராம். டப்பாச் சுண்ணாம்பில் ஈரம் இருப்பதால் 10 கிராம், அதாவது ஒரு சின்ன நெல்லிக்காய் அளவு. சோளத்தின் எடையில் நூற்றுக்கு ஒன்று உலர்ந்த சுண்ணாம்பு என்று கணக்கு வைத்துக்கொண்டால் எவ்வளவு செய்தாலும் தப்பாது. பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும். அலுமினியத்தைச் சுண்ணாம்பு அரித்துவிடும்.

தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்து, கழுவிய சோளத்தைப் போடுங்கள். போட்ட கொஞ்ச நேரத்திலேயே வெளிறிய மஞ்சள் அடர்மஞ்சளாக மாறும். அடுப்பை நிதானமாக வைத்துக் கொதி வந்ததும் தணித்து, லேசாகக் கொப்புளிக்கிற அளவில் நாற்பது நிமிஷம் விடுங்கள். அடிக்கடி கிளற வேண்டியதில்லை. முப்பதாவது நிமிஷத்திலிருந்து ஒரு மணியை எடுத்துக் குளிர்ந்த நீரில் அலசி, இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பாருங்கள். தோல் வழுக்கிக்கொண்டு கழல வேண்டும். அப்புறம் அதைப் பல்லால் பாதியாகக் கடித்து உள்ளே பாருங்கள். சுற்றிலும் வெந்த நிறமும், நடுவில் குண்டூசித் தலை அளவுக்கு வேகாத வெள்ளையும் தெரிந்தால் அதுதான் பதம். உடனே அடுப்பை அணைத்து மூடிவிடுங்கள்.

குக்கர் வேண்டாம். அவசரப்பட்டு நான் முதல் தடவை குக்கரில் ஐந்து விசில் விட்டேன். சோளம் குழைந்து, அரைத்தால் கஞ்சிபோல வந்தது. எவ்வளவு பிசைந்தும் கையை விட்டுப் பிரியவில்லை. கடைசியில் தெருமுனை மாட்டுக்குப் போட்டேன். இதில் பாதி வேலையை அடுப்பு செய்கிறது, மீதியை ராத்திரி செய்கிறது. சாயங்காலம் வேகவைத்து மூடி வைத்தால் மறுநாள் காலைக்குள் 10, 12 மணி நேரத்தில் சுண்ணாம்பு உள்வரை இறங்கிவிடும். சென்னை வெயிலில் வெளியே வைத்தால் புளிக்காதா என்று என் மனைவி கேட்டாள். சுண்ணாம்புத் தண்ணீரில் அவ்வளவு சீக்கிரம் புளிக்காது. சித்திரை மாதத்தில்கூட அடுப்பு மேடையிலேயே வைத்திருக்கிறேன், கெட்டதில்லை.

காலையில் அந்த மஞ்சள் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். பூந்தொட்டியில் வேண்டாம், சாக்கடைக்கே போகட்டும். நல்ல தண்ணீர் விட்டுக் கையால் பிசைந்து பிசைந்து இரண்டு, மூன்று தடவை அலசினால் தோல் சவ்வுபோல மிதந்து வரும். இங்கே ஒரு அளவு இருக்கிறது. தோல் முழுக்கப் போகும்வரை தேய்த்துத் தேய்த்து அலசினால் பிசினும் சேர்ந்து போய் மாவு ஒட்டாது. அலசாமல் விட்டால் நாக்கில் சுண்ணாம்பு காரம் நிற்கும். பத்தில் எட்டுப் பங்கு தோல் போய், முகர்ந்தால் லேசாகச் சுண்ணாம்பு வாசனை மிச்சம் இருந்தால் சரி. அரைக் கிலோ இப்போது ஊறி 850 கிராம் பக்கம் வந்திருக்கும்.

இனி என் தொழில். அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

இட்லிக்கு ஆட்டும்போது தண்ணீர் தாராளமாக விடுகிறோம், குழவி சுற்ற அது வேண்டும். டோர்ட்டியா மாவுக்கு அப்படி விட்டால் தோசை மாவாகிவிடும். தண்ணீரே விடாமல் ஆட்டினால் கிரைண்டர் இறுகி நின்றுவிடும். இதற்கு நடுவில் ஒரு வழி, உளுந்து வடைக்குத் தெளிக்கிற மாதிரி தெளிப்பது. முதலில் ஊறின சோளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மிக்ஸியில் போட்டு, விட்டு விட்டு ஓட்டி, குருணையாக உடைத்துக்கொள்ளுங்கள். ஒரேயடியாக ஓட்டினால் சூடேறி மாவு பிசுபிசுக்கும். வீட்டு டேபிள் டாப் கிரைண்டர் என்றால் ஒரு தடவைக்கு இதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போடாதீர்கள். கிரைண்டரை ஓடவிட்டு, குருணையைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டு, விரல் நுனியால் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருங்கள். மாவு குழவியில் ஏறி ஒட்டிக்கொண்டு கூடவே சுற்றும். அப்போது அரைபடாது. நிறுத்தி, மரக்கரண்டியால் வழித்துக் கீழே தள்ளி மறுபடி ஓட்டுங்கள். இப்படி ஏழெட்டுத் தடவை வழிக்க வேண்டியிருக்கும். அலுத்துக்கொள்ளாதீர்கள், மெத்தென்ற டோர்ட்டியாவுக்கும் நொறுங்குகிற டோர்ட்டியாவுக்கும் வித்தியாசம் இங்கேதான். ரப்பர் கருகுகிற வாடை வந்தால் பெல்ட் வழுக்குகிறது என்று அர்த்தம். உடனே அணைத்துவிட்டு, பாதி மாவை எடுத்துவிட்டு ஓட்டுங்கள்.

பதினைந்து, இருபது நிமிஷத்தில் மாவைக் கட்டைவிரலிலும் ஆட்காட்டி விரலிலும் தேய்த்துப் பாருங்கள். சன்ன ரவையைவிட நைசாக இருக்க வேண்டும், குருணை எதுவும் தட்டுப்படக் கூடாது. உளுந்து மாதிரி வெண்ணெயாக வரும் என்று காத்திருக்காதீர்கள், வராது, வரவும் வேண்டாம். வீட்டில் கிரைண்டர் இல்லை என்றால் மிக்ஸியிலேயே சின்னச் சின்ன ஜாராக அரைக்கலாம். கொஞ்சம் சொரசொரப்பாக வரும், தட்டும்போது ஓரம் சரியாக வராது, ருசியில் குறையில்லை.

தண்ணீர் கூடிவிட்டதா? பழைய வேட்டித் துணியில் மாவை மூட்டையாகக் கட்டி, சல்லடை மேல் வைத்து, அதன்மேல் கனமான கல்லை ஏற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். நான் கழற்றின குழவியையே தூக்கி வைப்பேன். அதுவும் போதவில்லை என்றால் மக்கி ஆட்டா இரண்டு ஸ்பூன் சேர்த்துப் பிசையலாம். அதற்கு மேல் சேர்த்தால் விரிசல் வந்துவிடும்.

மாவைப் பிசைவதற்கு உப்பு, எண்ணெய் எதுவும் வேண்டாம். உப்பு உள்ளே வைக்கிற கறியில் இருக்கட்டும். உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி ஐந்து நிமிஷம் பிசைந்து, ஈரத்துணி மூடி அரை மணி நேரம் வைத்துவிட்டு ஒரு உருண்டை எடுத்துத் தட்டிப் பாருங்கள். ஓரத்தில் விரிசல் விட்டால் தண்ணீர் குறைவு, கையை நனைத்து மறுபடி பிசையுங்கள். கையில் அப்பினால் தண்ணீர் அதிகம். சப்பாத்தி மாவு மாதிரி இழுபடாது. காது மடலைத் தொட்டால் எப்படி இருக்கிறதோ, அந்த மென்மை.

ஒரு உருண்டை 30 கிராம், பெரிய கோலிக்குண்டு அளவு. இந்த மாவில் 28 உருண்டை பக்கம் வரும். பூரி பிரஸ் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் கனமான அடி தட்டையான பாத்திரம் போதும். பால் கவர் இரண்டைக் கழுவித் துடைத்து, ஓரத்தை வெட்டி விரித்துக்கொள்ளுங்கள். ஒரு கவர் கீழே, நடுவில் உருண்டை, ஒரு கவர் மேலே. லேசாக அழுத்தி, கவரோடு அரைவட்டம் திருப்பி, மறுபடி அழுத்துங்கள். ஒரே அழுத்தாக அழுத்தினால் ஒரு பக்கம் தடித்து நிற்கும். பூரியைவிடக் கொஞ்சம் தடியாக இருக்கட்டும். எடுக்கும்போது மேல் கவரைப் பிரித்துவிட்டு, மாவை இடது உள்ளங்கையில் கவிழ்த்து, அடிக் கவரை உரித்து எடுங்கள். கவரிலிருந்து மாவைப் பிய்க்கப் பார்த்தால் கிழியும், மாவிலிருந்து கவரைத்தான் உரிக்க வேண்டும்.

தோசைக்கல் இரும்பாக இருக்கட்டும். நான்ஸ்டிக் இதற்குத் தேவையான சூட்டுக்கு ஏற்றதில்லை. எண்ணெய் தடவாமல் நன்றாகக் காயவிடுங்கள். தண்ணீர் தெளித்தால் துளி உருண்டு ஓடி மறைய வேண்டும். கையிலிருந்து மாவைக் கல்லின்மேல் சரியவிட்டு, தோசைபோல் விட்டுவிடாமல் பக்கத்திலேயே நில்லுங்கள். எல்லாம் நொடிக் கணக்கு. 15, 20 நொடியில் ஓரம் நிறம் மாறி கல்லை விட்டு எழும்பும். திருப்புங்கள். இந்தப் பக்கம் முக்கால் நிமிஷம், அடியில் பழுப்புப் புள்ளிகள் விழும்வரை. மறுபடி திருப்பி, மடித்த துணியால் நடுவில் லேசாக ஒற்றுங்கள். ஒரு மூலையில் சின்னதாகக் கொப்புளம் கிளம்பும், அது ஊர்ந்து ஊர்ந்து நடுவுக்கு வந்து, பூரிபோல முழுதாக உப்பி நிற்கும். உப்பினால் உள்ளே ஆவி பிடித்து இரண்டு அடுக்காகப் பிரிந்திருக்கிறது, மாவு சரி, கல் சரி. உப்பவில்லையா? பெரும்பாலும் முதல் பக்கத்தை அதிக நேரம் விட்டிருப்பீர்கள். அடுத்ததில் ஐந்து நொடி முன்னாலேயே திருப்பிப் பாருங்கள்.

கல்லிலிருந்து எடுத்ததும் தின்று பார்த்துவிட்டு, கொஞ்சம் விறைப்பாக இருக்கிறதே என்று நிறையப் பேர் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். கடைக்கு வந்து என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் விறைப்பாகத்தான் இருக்கும். இட்லித் துணி மாதிரி மெல்லிய பருத்தித் துணியை ஹாட் பாக்ஸில் விரித்து, சுடச் சுட ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, துணியால் மூடி, டப்பாவையும் மூடிக் கால் மணி நேரம் விடுங்கள். தன் ஆவியிலேயே வெந்து ஒவ்வொன்றும் பட்டுத்துணிபோல மடியும். துணியில்லாமல் நேராக டப்பாவில் போட்டால் வியர்த்து அடியில் இருப்பது கூழாகிவிடும்.

உள்ளே வைக்க என்ன? மெக்ஸிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்தில் பிர்ரியா என்று ஒரு ஆட்டுக்கறிக் குழம்பு உண்டு. வெள்ளாட்டுக் கறி அதற்கு விசேஷம். நம் கறிக்கடையில் தொங்குவதும் அதுதான் என்பதால் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை டாக்கோ என்றால் இந்தக் கறிதான். அரைக் கிலோ எலும்போடு தொடைக்கறி. பேடகி மிளகாய் எட்டு எடுத்து விதை நீக்கி, கல்லில் லேசாக வாட்டி, வெந்நீரில் ஊறவையுங்கள். நிறம் கொடுக்கும், காரம் குறைவு. அதோடு ஆறு பல் பூண்டு, ஒரு தக்காளி, அரை ஸ்பூன் சீரகம், இரண்டு கிராம்பு, ஒரு துண்டு பட்டை, இரண்டு ஸ்பூன் வினிகர், உப்பு சேர்த்து மைய அரைத்துக் கறியில் தடவி இரண்டு மணி நேரம். அவர்கள் ஓரிகானோ போடுவார்கள். நான் பால்கனித் தொட்டியில் வளரும் கற்பூரவல்லி மூன்று இலை கிள்ளிப் போடுகிறேன். லத்தீன் அமெரிக்காவில் பல இடங்களில் இந்த இலையையே ஓரிகானோ என்றுதான் சொல்கிறார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டபோது மனசுக்கு நிறைவாக இருந்தது. இரண்டு டம்ளர் தண்ணீர் விட்டுக் குக்கரில் ஏழு விசில். எலும்பை உருவிவிட்டுக் கறியை நார் நாராகப் பிய்த்து, கொஞ்சம் சாற்றோடு வாணலியில் பிரட்டி எடுங்கள். மிச்சச் சாற்றைக் கிண்ணத்தில் வைத்து டாக்கோவை அதில் தொட்டுத் தின்ன வேண்டும். என் பொண்ணு அந்தச் சாற்றைத் தனியாகக் குடித்துவிடுவாள்.

மீன் என்றால் மெக்ஸிகோவில் பாஹா கலிபோர்னியா பக்கம் மாவில் தோய்த்துப் பொரித்து, நறுக்கிய முட்டைக்கோஸோடு வைப்பார்கள். காசிமேட்டில் சீலா வாங்கி முள் எடுத்துச் செய்யலாம். சைவத்துக்கு ராஜ்மாவோ காராமணியோ குழைய வேகவைத்து, பூண்டும் வெங்காயமும் வதக்கி மசித்துச் சுருள வைத்தால் போதும். இது வைத்தால்தான் டாக்கோ, அது வைத்தால் இல்லை என்று சண்டை போடத் தேவையில்லை. மெக்ஸிகோ சிட்டியில் பேர்போன அல் பஸ்தோர் டாக்கோவே லெபனானிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த ஷவர்மா அடுப்பில் பிறந்ததுதான். பர்மாவிலிருந்து திரும்பி வந்த நம் ஜனங்கள் பர்மா பஜார் பக்கம் அத்தோ என்ற நூடுல்ஸ் கடை போட்டு, அது சென்னைச் சாப்பாடாகவே ஆகிவிட்டதே.

கறிமேல் விடுகிற தக்காளிச் சட்னியான சல்சாவை மட்டும் தயவுசெய்து மிக்ஸியில் அடிக்காதீர்கள். நான்கு நாட்டுத் தக்காளி, ஒரு வெங்காயம் பாதியாக வெட்டியது, தோலோடு மூன்று பல் பூண்டு, இரண்டு பச்சை மிளகாய். டோர்ட்டியா சுட்ட அதே கல்லில் போட்டு, தக்காளித் தோல் கருகி வெடிக்கும்வரை திருப்பித் திருப்பிச் சுடுங்கள். அம்மி இருந்தால் முதலில் பூண்டு, மிளகாய், உப்பு மூன்றையும் விழுதாக அரைத்து, அப்புறம் தக்காளி, வெங்காயத்தைத் திப்பி திப்பியாக நசுக்குங்கள். அங்கே மொல்கஹெத்தே என்ற மூன்று கால் கல்லுரலில் இதையேதான் செய்கிறார்கள். நம் சுட்ட தக்காளித் துவையலுக்கு அண்ணன் தம்பி முறை, தாளிப்பு மட்டும் கிடையாது.

பரிமாறும்போது டோர்ட்டியா இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நடுவில் இரண்டு ஸ்பூன் கறி, பொடியாக நறுக்கிய பச்சை வெங்காயம், கொத்தமல்லி, ஒரு ஸ்பூன் சல்சா, மேலே எலுமிச்சை பிழிந்தால் முடிந்தது. பட்டர் ஃப்ரூட் கிடைக்கிற காலத்தில் ஒரு கீற்று வைக்கலாம். சீஸ், மயோனைஸ் எதுவும் நான் போடுவதில்லை. இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த சோள வாசனையை அது அமுக்கிவிடும். கையால் எடுத்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, குனிந்து கடியுங்கள். தட்டில் சிந்துவதை ஒரு துண்டு டோர்ட்டியாவால் வழித்துக்கொள்ளலாம்.

மிச்ச மாவு நிற்காது. இட்லி மாவு புளித்தால்தான் எனக்குப் பிழைப்பு, இது புளித்தால் வீண். அலசி அரைத்த பிறகு சுண்ணாம்பின் காவல் போய்விடும், நம் வெயிலில் சாயங்காலத்துக்குள் வாடை வந்துவிடும். ஃப்ரிட்ஜில் ஒரு நாள் தாங்கும். அதனால் மாவை வைக்காமல் எல்லாவற்றையும் சுட்டு, டோர்ட்டியாவாக வையுங்கள், இரண்டு மூன்று நாள் இருக்கும். தண்ணீர் தெளித்துக் கல்லில் ஒருமுறை வாட்டினால் மறுபடி மெத்தென்று ஆகும். காய்ந்து போனதை எட்டாக வெட்டி எண்ணெயில் பொரித்தால் தட்டைபோல மொறுமொறுப்பான டோடோபோஸ், டீயோடு சாப்பிடலாம்.

இப்போது சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஒரு கிரைண்டரை இதற்காகவே ஒதுக்கி வைத்திருக்கிறேன். சோளத் தூக்கோடு நான்கைந்து வீட்டிலிருந்து வருகிறார்கள். அரைத்து முடித்ததும் கிரைண்டரை உடனே கழுவிவிடுங்கள். காய்ந்தால் கல்லில் சிமென்ட்போலப் பிடித்துக்கொள்ளும். ஒரு கை கல் உப்பைப் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு ஐந்து நிமிஷம் ஓட்டினால் சுத்தமாக வந்துவிடும். அதே கல்லில் மத்தியானம் உளுந்து போடலாம்.